இனிஷியல் மாறிய கவிதா

"சாந்தி அக்கா, என் கட்டுரையைக் காணோம்!"

கல்யாண லீவு முடிந்து வந்த முதல் நாளே கவிதா இப்படி அலறிக்கொண்டு சர்வர் ரூமுக்குள் ஓடிவந்தாள். கையில் மருதாணி, கண்ணில் தண்ணீர்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நான் சிஸ்டம் அட்மின். கவிதா வேதியியல் லெக்சரர். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே லாகின் வந்திருந்தது. மெயிலுக்கும் அதுதான், வெளிநாட்டு ஆய்விதழ்களின் தளத்துக்கும் அதுதான். அங்கே தனிக் கணக்கு வேண்டாம். இன்ஸ்டிட்யூஷன் லாகின் என்ற பட்டனை அழுத்தினால் அந்தத் தளம் எங்கள் சர்வரிடம் விசாரிக்கும். "நம்ம ஆளுதான், உள்ளே விடு" என்று சர்வர் சொல்லும். எனக்கு இதில் ஏகப்பட்ட பெருமை.

கவிதா அந்தத் தளத்திலேயே தன் முதல் ஆய்வுக்கட்டுரையை எழுதிச் சேமித்திருந்தாள். அனுப்ப அன்று மாலை ஐந்து மணி வரைதான் நேரம். திறந்து பார்த்தால் பக்கம் காலி.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஆபீஸ் மேனேஜர் ஜேக்கப் சார், புதுப்பெண்ணுக்குப் பரிசாக இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் பெயரை மாற்றச் சொல்லியிருந்தார். அப்பா முனுசாமியின் 'எம்' போய், கணவர் ரவியின் 'ஆர்' வந்தது. அவர் சொன்னபடி ஆர்.கவிதா என்று புது லாகின் போட்டு, பழைய எம்.கவிதாவை டிஸேபிள் செய்து முடக்கியிருந்தோம். அந்தத் தளத்துக்கு இனிஷியல், கல்யாணம் எல்லாம் என்ன தெரியும்? யாரோ புது ஆள் என்று நினைத்துவிட்டது.

பழைய லாகினுக்கு உயிர் கொடுத்தால் போதும். ஆனால் மேனேஜர் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

"ஏம்மா, கல்யாணம் ஆன பொண்ணுக்கு மறுபடியும் அப்பா இனிஷியலா? மாப்பிள்ளை என்ன நெனப்பாரு?" என்றார் ஜேக்கப் சார்.

"அவரையே கேளுங்க சார்" என்று கவிதா போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ரவிக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பின்னால் மெஷின் சத்தம்.

"இன்னா சார் இது, இனிஷியல் எங்க ஓடிப் போவுது? ரேஷன் கார்டுல என் இனிஷியலைப் போட்டுக்கிறேன். அஞ்சு மணிக்குள்ள அந்தப் பேப்பர் போகலைன்னா எனக்குத்தான் வூட்ல சோறு கிடைக்காது. பாத்துப் பண்ணுங்க சார்!"

ஜேக்கப் சார் தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டார். "போடும்மா, பழசையே போடு."

எம்.கவிதாவாக உள்ளே போனாள். ஒரு வரி குறையாமல் கட்டுரை அப்படியே இருந்தது. அனுப்பி முடித்ததும் என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அன்று நான் கற்றுக்கொண்டதை இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். திரையில் தெரியும் பெயரை ஆளுக்கு ஏற்றபடி எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றுங்கள். லாகின் பெயரை மட்டும் தொடாதீர்கள். வெளியே உள்ள தளங்களுக்கு அந்த ஆளே அதுதான்.

கட்டுரை அச்சில் வந்தபோது இரண்டு வீட்டிலிருந்தும் ஸ்வீட் வந்தது. முனுசாமி ஐயா தானே கொண்டுவந்தார். வேதியியல் அவருக்கு ஒரு எழுத்தும் புரியாது. மகள் பெயருக்கு முன்னால் இருந்த அந்த 'எம்'மை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு எங்கள் எல்லோருக்கும் காட்டினார்.