வெனிஸ் விழுந்த ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் மாட்டுக் கொட்டகையில் புது மூட்டைக் கடலைப் பிண்ணாக்கைப் பிரித்தேன். வாசம் முகத்தில் அடித்ததும் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. பால் கறந்துகொண்டிருந்த மனைவி தலையைத் திருப்பி, "என்னங்க தனியாச் சிரிக்கறீங்க?" என்றாள். வெனிஸ் ஞாபகம் வந்துவிட்டது என்றேன். "அது யாருங்க?" என்றாள். கேட்ட தொனி அவ்வளவு நன்றாக இல்லை. அது ஆள் இல்லை, கடலுக்குள் இருக்கிற ஓர் ஊர், ஒரு காலத்தில் அதைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு எனக்கு இருந்தது என்று விளக்கினேன். அவள் மறுபடி மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். உங்களிடமாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

மற்றவர்களுக்குப் போர் என்றால் வெடிமருந்து வாசம் நினைவுக்கு வரலாம். எனக்குப் பிண்ணாக்கு வாசம்தான். என் சிநேகிதன் மஜீதின் அத்தாவுக்குப் பாலக்காட்டை அடுத்த சித்தூரில் பிண்ணாக்குக் கடை இருந்தது. கடலை, எள்ளு, தேங்காய் என்று மூட்டைகள் விட்டம் வரை அடுக்கியிருக்கும். கடைக்கு மேலே பலகைத் தளம் போட்ட ஓர் அறை. மஜீதின் கம்ப்யூட்டர் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் நான் போய்விடுவேன். பலகை இடுக்கு வழியாக வாசம் ஏறி வந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குத் திரும்பினால் என்னைப் பார்த்து மாடு கத்தும், அம்மாவும் கத்துவாள். "வாராவாரம் பிண்ணாக்குக் கடைக்குப் போற. மாட்டுக்கு ரெண்டு கட்டி வாங்கிட்டு வரணும்னு தோணுதா உனக்கு?" என்பாள். தோன்றியதில்லை என்பதுதான் உண்மை. ஒரு சாம்ராஜ்யத்தைப் பார்க்கிறவனுக்கு மாடு எங்கே ஞாபகம் வரும்?

விளையாட்டு என்றதும் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு வரைபடம். அவ்வளவுதான். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய உலகம் கலர் கலராகப் பிரிந்து கிடக்கும். அதில் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு ஆள வேண்டும். உப்பு எங்கிருந்து வருகிறது, கோதுமைக்கு என்ன வழி, எந்த ராஜகுமாரியை எந்த வீட்டுக்குக் கட்டிக் கொடுப்பது, யாரோடு ஒப்பந்தம், யாருக்குத் துரோகம் என்று எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு சண்டைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை தயார் செய்துவிட்டுக் கடைசியில் மழை வந்து பீரங்கி சேற்றில் மாட்டிக்கொண்டு தோற்றுப் போவோம். அதற்கு ஒரு கையேடு உண்டு. சரியான தடிமன். நான் அப்போது தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஒரு டி.டி.பி. கடையில் மனு தட்டச்சு செய்கிற வேலையில் இருந்தேன். அந்தக் கையேடு முழுவதையும் அங்கே பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மஜீத் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தான். பைண்டிங் போட்டவன் நான், படித்தவன் அவன். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

முதல் நாள் நாங்கள் செய்த காரியம், எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடியதுதான். மதுரை இருந்தது, கொச்சி இருந்தது. நடுவே மலை வடக்கிலிருந்து தெற்கு வரை ஒரே சுவராக நின்றது. பாலக்காட்டுக் கணவாயையே காணோம். இந்தப் பக்கத்துப் படை அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் கப்பலேறிக் குமரிமுனையைச் சுற்றித்தான் போக வேண்டும். மஜீதுக்கு வந்த கோபம் இருக்கிறதே. "எங்கத்தா தெனமும் பொள்ளாச்சியில இருந்து லாரியில லோடு எறக்கறாரு. இவனுக மலையப் போட்டு அடைச்சு வெச்சிருக்கானுக" என்றான். சொந்த ஊரே இல்லாத இந்தியா வேண்டாம் என்று ஐரோப்பாவுக்குப் போய்விட்டோம்.

அந்த முதல் வருஷம் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ராஜா. மவுஸ் மட்டும் எப்போதும் அவன் கையில் இருக்கும். ஒருமுறை அவன் ஒன்றுக்குப் போய்விட்டு வருவதற்குள் நான் போலந்தின் மேல் போர் தொடுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். குதிரைப் படையை நான் பனிக்காலத்தில் தீனி இல்லாமல் அனுப்பியிருந்தேன். வழியிலேயே பாதிக் குதிரை செத்துப்போனது. "ஊட்ல மாடு வெச்சிருக்கறவன் செய்யற வேலையாடா இது?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. வியாபாரி வீட்டுப் பிள்ளை அவன். தானியம் போய்ச் சேர்ந்த பிறகுதான் படையை அனுப்புவான். எங்கள் வீட்டில் நெல்லும் தென்னையும் மாடும் இருந்தும் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அவனைப் பார்த்து எனக்குப் பொறாமை. ஆனால் அது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனின் பொறாமை. அவன் ஜெயித்தால் பாதி ஜெயம் எனக்கும்தானே என்று ஆறிவிடும். கீழே இறங்கும்போது அவன் அத்தா மூட்டை மேல் சாய்ந்தபடி, "என்ன தம்பி, இன்னிக்கு எந்த நாட்டப் புடிச்சீங்க?" என்று கேட்பார். "புடிச்சீங்க" என்று இருவரையும் சேர்த்துத்தான் கேட்பார்.

பிறகு அனூப் வந்தான். மஜீத் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் பாலக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போன மலையாளிப் பையன். நல்லவன். அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அவனுக்காக மஜீத் பழைய கம்ப்யூட்டர் இரண்டைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்து மேலே கொண்டுவந்தான். மூன்று மேஜை, மூன்று சுவர், மூவரும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார வேண்டும். ராஜாவும் மூன்றாகப் பிரிந்தார். மஜீத் வெனிஸை எடுத்துக்கொண்டான். கப்பல் இருந்தால் போதும் என்பது அவன் கட்சி. நான் அதற்குப் பக்கத்தில் ஹங்கேரி. எங்கள் இருவருக்கும் மேலே ஆஸ்திரியாவில் அனூப். மஜீத் ஒரு சட்டம் போட்டான். ஆட்டம் நடக்கும்போது போரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எதுவானாலும் திரையில் எழுதித்தான் அனுப்ப வேண்டும், அதுவும் வேண்டியவனுக்கு மட்டும். இருந்தது ஆங்கில எழுத்து மட்டும்தான் என்பதால் நானும் மஜீதும் தமிழை அதில் எழுதிக்கொண்டோம். அவனும் அனூப்பும் மலையாளத்தை எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு முன்னால் அனூப்புக்கு டீ வரும். அதுவும் நான் ஒரு வருஷமாகக் குடித்துவந்த பச்சைக் கோடு போட்ட கிளாஸில் வரும். எனக்கு எவர்சில்வர் டம்ளர். குதிரைக்குத் தீனி போடுகிற வித்தையை எனக்குச் சொல்லித் தர மஜீதுக்கு ஆறு மாதமானது. அனூப் இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மஜீத் அவனை 'அளியா' என்று கூப்பிட ஆரம்பித்தான். மலையாளத்தில் மச்சான். சிநேகிதர்கள் சொல்லிக்கொள்வதுதான், அதில் ஒன்றுமில்லை. ஆனால் என்னை அவன் ஒருநாளும் மச்சான் என்றதில்லை, மாப்ளே என்றதில்லை. வெறும் 'டா'தான். முதுகுக்குப் பின்னால் இரண்டு கீபோர்டுகள் மாறி மாறித் தட்டுகிற சத்தம் கேட்கும், உடனே இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். என் திரையில் ஒன்றும் வந்திருக்காது. வயிறு எரியும். இதற்கு வேறு நாகரிகமான பேர் இருந்தால் சொல்லுங்கள், வைத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் என் டி.டி.பி. கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஜனம் பேசுவது கோயமுத்தூர்த் தமிழ், ஆபீஸுக்குக் கொடுப்பது மலையாள மனு. அதை அடித்துக் கொடுத்து, அவர்களுக்குப் படித்தும் காட்டுவது என் வேலை. மனுவின் முடிவில் பெரும்பாலும் 'ஒரு அவசரம் தரவேண்டும்' என்று வரும். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று பொருள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டுப் பதறிப்போனார். "நமக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. அவிய மெதுவாவே பாக்கட்டும்னு போடுங்க" என்றார். அவருக்கு விளக்கிப் புரியவைப்பதற்குள் ஆபீஸில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஒரே சொல், ஒரே உச்சரிப்பு. கணவாய்க்கு அந்தப் பக்கம் வாய்ப்பு, இந்தப் பக்கம் அவசரம். அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்தத் தெருவிலேயே கிடையாது.

எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் அது. வெனிஸ்தான் எங்கள் மூவரிலும் செழிப்பான நாடு. மஜீத் ஒரு தீவாகச் சேர்த்து, ஒரு துறைமுகமாகக் கட்டி வளர்த்திருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கிற துருக்கிப் படை கடல் வழியாகவும் கரை வழியாகவும் வந்து அவனைச் சுற்றிக்கொண்டது. அனூப் தன் தலைநகரில் ஒரு சிப்பாயைக்கூட வைக்காமல் மொத்தப் படையையும் அவனுக்கு உதவியாக அனுப்பினான். ஆனால் அது வந்து சேரத் தூரம் அதிகம். என் படை பக்கத்தில் இருந்தது. என் குதிரைகள் தின்று கொழுத்து, எல்லையில் சும்மா நின்றன. நானே தீனி போட்டு வளர்த்த குதிரைகள்.

என் திரையின் ஓரத்தில் மஜீதிடமிருந்து ஒரு சொல் வந்தது. avasaram. அவ்வளவுதான். எட்டு எழுத்து.

பின்னால் அவன் கால் பலகையில் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பதற்றம் வந்தால் அவனுக்கு அப்படித்தான். நான் வரைபடத்தைப் பார்த்தேன். தெற்கே வெனிஸ், சுற்றிலும் துருக்கியின் சிவப்பு. வடக்கே அனூப்பின் வியன்னா, காவல் இல்லாமல் திறந்து கிடக்கிறது. தமிழில் படித்தால் ஓடி வா என்கிறான். மலையாளத்தில் படித்தால் இதுதான் சமயம், பிடித்துக்கொள் என்கிறான். நான் படையை வடக்கே அனுப்பினேன்.

மூன்றாவது சுற்றில் வியன்னா விழுந்தது. அனூப்பின் படை தன் ஊரைக் காப்பாற்றப் பாதி வழியில் திரும்பியது. ஐந்தாவது சுற்றில் வெனிஸ் விழுந்தது. கால் ஆடுகிற சத்தம் நின்றுவிட்டது. மஜீத் நாற்காலியைத் திருப்பினான். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறினான்.

"ஏண்டா, நான் எழுதுனத நீ பாக்கலயா?"

"பாத்தேன்டா. மலையாளத்துல சொல்றயாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

என் வேலை என்னவென்று இருவருக்கும் தெரியும், மனுக் கதையும் தெரியும். முதலில் அனூப்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். துருக்கிக்காரன் தோற்கடிக்கவில்லை, பாஷை தோற்கடித்துவிட்டது என்று மலையாளத்தில் சொன்னான். மஜீதும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான் என்று அப்போதே எனக்குப் பட்டது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அது எங்கள் கதையாகிவிட்டது. மஜீதின் நிக்காஹ் விருந்தில் அவனே அதைச் சொன்னான். என் கல்யாணத்தில் அனூப் சொன்னான். இவனுக்கு மலையாளம் முற்றிப்போய் நண்பனைக் கைவிட்டுவிட்டான் என்று எல்லாரும் சிரிப்பார்கள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குத் தெரியும். மஜீத் என்னிடம் ஒருநாளும் ஒரு சொல்கூட மலையாளத்தில் எழுதியதில்லை. அந்த அறையில் அவன் தமிழில் எழுதிய ஒரே ஆள் நான்தான். அனூப் ஊரை எடுக்க வேண்டும் என்று எத்தனையோ வாரமாக எனக்கு ஆசை. அந்தச் சொல் எனக்கு ஒரு சாக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் புது ஆட்டம் தொடங்கியபோது மஜீத் ஒரு திருத்தம் சொன்னான். "உனக்கும் எனக்கும் இனி இங்கிலீஷ்லயே எழுதிக்கலாம்டா. ரெண்டு பாஷையும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்குது." நியாயமான பேச்சு. அவனுக்கும் அனூப்புக்கும் நடுவே குழப்பம் ஒன்றுமில்லை, அதனால் அவர்கள் மலையாளத்திலேயே தொடர்ந்தார்கள். எனக்கு 'ஹெல்ப்' என்றும் 'வெயிட்' என்றும் 'தேங்க்ஸ்' என்றும் வர ஆரம்பித்தன. சில வாரங்கள் போனேன். பிறகு நடவு வேலை, அறுவடை வேலை என்று போகாமலிருக்கக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அந்தக் கடை இப்போது இல்லை. பலகைத் தளத்தைப் பிரித்துவிட்டுக் கீழே பேக்கரி வைத்திருக்கிறார்கள். மஜீத் வளைகுடாவில் வேலையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் அவன் அங்கிருந்தும் அனூப் பாலக்காட்டிலிருந்தும் அதே விளையாட்டின் புதிய பதிப்பை ஆடுகிறார்களாம். அதில் கணவாய் வந்துவிட்டது என்று அனூப் சொன்னான்.

இரண்டு வருஷம் முன்பு மஜீத் லீவில் வந்திருந்த சமயத்தில் அவன் அத்தா தவறிப்போனார். எனக்குச் செய்தி வந்தது. 'ஃபாதர் எக்ஸ்பயர்ட். ஃப்யூனரல் அட் ஃபோர்.' வயலிலிருந்து அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் கூட்டம். அனூப் எனக்கு முன்பே வந்து நின்றான். எப்போது தெரிந்தது என்று கேட்டதற்கு அவன் போனை நீட்டினான். மஜீத் அவனுக்கு மலையாளத்தில் எழுதியிருந்தான். 'அத்தா போயி, அளியா.' எனக்கு ஃபாதர், அவனுக்கு அத்தா. மய்யித்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மஜீத் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டயாடா" என்றான். வாயால் பேசும்போது அவனுக்குத் தமிழ்தான், எப்போதும் போல. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிறவனோடு வாயால் பேச எத்தனை நாள் கிடைக்கும்? மற்றதெல்லாம் எழுத்துதான். அவன் எனக்குத் தமிழில் எழுதிய கடைசிச் சொல் அந்த எட்டு எழுத்துதான்.