புழுங்கல் நெல்லில் புதைத்த போன்

போன வருஷம் ஆனி மாதம். குத்தாலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஆற்றில் வந்த தண்ணீர் அன்றைக்குத்தான் எங்கள் வாய்க்காலில் இறங்கியிருந்தது. குறுவை நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, வயலில் தண்ணீர் நிற்க வேண்டுமே என்று காலையிலேயே மண்வெட்டியோடு மடை திறக்கப் போனேன். குனிந்து மண்ணை இழுத்ததுதான் தாமதம், இடுப்பில் செருகியிருந்த போன் நழுவித் தொப்பென்று வாய்க்காலில் விழுந்தது.

ஒரு போன் விழுந்ததற்கு இவ்வளவு பீடிகையா என்று தோன்றலாம். எங்கள் குடித்தனம் பாதிக்கு மேல் அந்த போனுக்குள்தான் நடந்தது என்று சொன்னால் புரியும். என் வீட்டுக்காரர் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர். லீவில் வருவார், இருப்பார், போய்விடுவார். குத்தகை நிலம், மாடு, மகளின் படிப்பு எல்லாம் என் தலையில். அவருக்கு ஷிப்ட் வேலை, எனக்கு வயல் வேலை. பேசலாம் என்றால் இரண்டு பேருக்கும் நேரம் ஒத்துவராது. அதனால் அவர் வாய்ஸ் மெசேஜ் போடுவார். நான் வரப்பில் நடந்துகொண்டே கேட்பேன், நடந்துகொண்டே பதில் போடுவேன்.

அப்படி என்னதான் பேசுவார்? தண்ணி வந்துருச்சா, உரம் வாங்கியாச்சா, மாடு சினை நின்றதா, மகள் ஒழுங்காகப் படிக்கிறாளா. இவ்வளவுதான். கண்ணே மணியே என்றெல்லாம் பேசத் தெரியாத மனுஷன். எனக்கும் கேட்கத் தெரியாது. முந்தின வருஷம் அங்கேயே வேலை செய்யும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடம்பு வந்தது, ஒரு பெட்டியில் துணிமணி வந்தது. அவருடைய போன் வரவில்லை. கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் என் போனில் இருந்த அந்த வாய்ஸ் மெசேஜ்தான் எனக்கு அவர். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஒன்றைப் போட்டுக் கேட்பேன். 'என்ன, எந்திரிச்சாச்சா?' என்பார். எந்திரிச்சாச்சு என்று வாய்விட்டே சொல்வேன். பைத்தியம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் வரும்போதெல்லாம் போனைக் கொடு என்று கேட்டாள். அப்பா அவளுக்கு அனுப்பியதெல்லாம் அவள் போன் மாற்றியபோதே போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு. பேக்கப் போட்டு வைத்தால், அதாவது உள்ளே இருப்பதற்கெல்லாம் இன்னொரு நகல் எடுத்து வைத்தால், போனே போனாலும் குரல் போகாது என்று நூறு தடவை சொன்னாள். நான் கொடுக்கவில்லை. எங்கே எதையாவது தொட்டு அழித்துவிடுவாளோ என்று பயம். போன்கூடத் தினமும் தானாகவே கேட்கும், பேக்கப் எடுக்கட்டுமா என்று. அது எதையோ பிடுங்கப் பார்க்கிறது என்று நினைத்து விரலால் தள்ளிவிடுவேன். இடம் இல்லை என்று வந்தால் கல்யாண போட்டோ, பூப்பு போட்டோ எல்லாவற்றையும் அழித்தேனே தவிர, அவர் குரலில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பில்தான் இத்தனையும் செய்தேன்.

சரி, வாய்க்காலுக்கு வருகிறேன். விழுந்த வேகத்தில் எடுத்துவிட்டேன். வெளிச்சம் இருந்தது. உயிர் வந்தது எனக்கு. முந்தானையில் துடைத்துவிட்டுச் செய்த முதல் காரியம், அவர் குரல் வருகிறதா என்று அழுத்திப் பார்த்ததுதான். வந்தது. 'தண்ணி வந்துருச்சா' என்று, குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி கொழகொழவென்று வந்தது. இன்னொரு தடவை அழுத்தினேன். திரையில் கோடு கோடாக ஓடி அணைந்துபோனது. அந்த நேரத்தில் அதை நானே அணைத்து, சும்மா வைத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது. உதறினேன், ஊதினேன், மறுபடி மறுபடி அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் என் ஓரகத்தி இருந்தாள். என் கொழுந்தனார் மனைவி, அடுத்த வாசல். அவளுக்கு என்னைவிடப் பதற்றம். ஈரமான போனை அரிசியில் போட்டு வைக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெருவில் எட்டிப் பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். நெல் விளைகிற ஊரில் அரிசிக்கா பஞ்சம்? அரிசி டப்பாவைத் திறக்கப் போனேன். அப்போது அவள்தான் சொன்னாள், வாசலில் புழுங்கல் நெல் காய்கிறதே, அதில் வைத்தால் என்ன என்று.

வீட்டுச் சாப்பாட்டுக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விடிகாலையில் அவித்துக் கொட்டிய நெல் அது. சிமெண்ட் தரையில் பரத்தியிருந்தது. மேலே வெயில், கீழே தரைச்சூடு. அரிசியே தண்ணீரை இழுக்குமென்றால் சுடச்சுட இருக்கிற நெல் இன்னும் இழுக்காதா? எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. மெல்லிய துணியில் சுற்றி, நெல்லைக் குவித்து உள்ளே புதைத்தோம். காய்ச்சல் கண்ட குழந்தையைப் படுக்கவைத்த மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். கோழி வந்தால் விரட்டினோம். இவள் நடு நடுவே காலால் நெல்லைத் துழாவிவிட்டாள், எல்லாப் பக்கமும் சூடு பட வேண்டுமாம்.

பொழுது சாய எடுத்துப் பார்த்தால் போன் கதகதவென்று இருந்தது. காய்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுச் சார்ஜ் போட்டோம். ஒரு அதிர்வு, ஒரு வெளிச்சம், பிறகு தீய்ந்த வாடை. அவ்வளவுதான்.

மறுநாள் நடவை ஓரகத்தியிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மயிலாடுதுறைக்குப் போனேன். செல்போன் சர்வீஸ் கடையில் ஒரு பெண் இருந்தாள், என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். திறந்து பார்த்தவள் முகம் மாறியது. சார்ஜ் போடும் ஓட்டையில் நெல்லுச் சுணையும் தூசியும் அடைத்திருந்தன. கேமரா கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்திருந்தது.

"ஈரத்தோட சார்ஜ் போட்டீங்களாக்கா?" என்றாள்.

காயவைத்துத்தான் போட்டேன் என்று நெல் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அவித்த நெல் காயும்போது அதிலிருந்து வருகிற ஆவி வேறு உள்ளே போயிருக்கும், ஈரம் காயவே இல்லை, அதன் மேல் கரண்டையும் கொடுத்தாயிற்று என்று விளக்கினாள். வெறும் அரிசியிலும் வைக்கக் கூடாதாம். விழுந்ததும் ஆஃப் செய்து, சிம்மை எடுத்துவிட்டு, துடைத்துக்கொண்டு நேராக வந்திருக்க வேண்டுமாம்.

"நேத்தே வந்திருந்தா எடுத்திருக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

கழற்றிய மூடியைத் திரும்ப மாட்டினாள். "முயற்சி பண்ணியிருக்கலாம்க்கா" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம் அந்தப் பெண். எப்படியும் போயிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனாலும் அவள் மேல் குறை சொல்ல மாட்டேன். தஞ்சாவூரில் ஒரு பெரிய கடைக்கு அவளே அனுப்பிப் பார்த்தாள். அங்கேயும் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மகள் புது போன் வாங்கி வந்து பழைய சிம்மைப் போட்டாள். வாட்ஸ்அப்பைத் திறந்ததும் ஊர் குரூப், சுய உதவிக் குழு குரூப், சித்தி பெண் கல்யாண குரூப் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. அவர் மட்டும் இல்லை. மகள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் மேலேயே எனக்கிருந்த கோபத்தையெல்லாம் ஓரகத்தியிடம் காட்டினேன். உன்னால்தான், உன் நெல்லால்தான் என்று வாயில் வந்ததெல்லாம் பேசிவிட்டேன். ஏதோ அவள் தனியாக நெல் அவித்த மாதிரி. அவள் உள்ளே போய்விட்டாள். ஆடி, ஆவணி முழுக்க எங்களுக்குள் பேச்சு இல்லை.

புரட்டாசியில் அறுப்பு வந்தது. வீட்டுக்காரர் போன பிறகு அறுவடை மெஷினுக்கு ஏற்பாடு செய்ததெல்லாம் கொழுந்தனார்தான். இந்தத் தடவை கொழுந்தனார் ஊரில் இல்லை. ஓரகத்தியிடம் போய்க் கேட்க என் வீம்பு விடவில்லை. திருப்பனந்தாள் பக்கமிருந்து மெஷின் அனுப்புகிற ஏஜென்ட் நம்பரும் பழைய போனோடு போயிருந்தது. வேறு ஒருவரிடம் வாங்கி, வரப்பில் நின்றபடி நானே போன் செய்தேன். மழை பெய்து வயல் சேறாக இருக்கிறது, டயர் வண்டி வேண்டாம், பெல்ட் வண்டியாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, வழி சொல்ல ஆரம்பித்தேன். ஏஜென்ட் குறுக்கே பேசினார்.

"வழியெல்லாம் சொல்ல வேணாங்க. உங்க வீட்டுக்காரரு சொன்ன வாய்ஸ் எங்கிட்ட இருக்குங்க. புது டிரைவர் யாரு வந்தாலும் அதைத்தான் போட்டு வுடுறது."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சில வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி அறுப்பு நேரம். மெஷின்காரருக்கு அனுப்பச் சொல்லி அவர் எனக்கு ஒரு நீள வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். இங்கே நிற்கிற எனக்கு வழி தெரியாதா, அங்கே உட்கார்ந்துகொண்டு இவர் சொல்லித்தான் வண்டி வர வேண்டுமா என்று எனக்கு எரிச்சல். கேட்காமலேயே ஏஜென்டுக்குத் தள்ளிவிட்டேன். திரும்ப எடுத்தும் கேட்கவில்லை.

அதை எனக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் இறந்த விஷயம் ஏஜென்டுக்குத் தெரியும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வழிக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று சங்கடப்பட்டார். அனுப்பினார்.

"அண்ணே, பாலத்தைத் தாண்டி மேற்கால திரும்பிடாதீங்க, நேரா வாங்க. பம்புசெட்டுகிட்ட கரண்டு கம்பி தாழ இருக்கு, பார்த்து வரச் சொல்லுங்க" என்று ஆரம்பித்து எல்லாம் வழிதான். கடைசியில் கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலை இறக்கிச் சொல்கிறார்.

"எங்க வீட்ல ஒத்தையா நிப்பாங்கண்ணே. பொழுதோட முடிச்சு வுட்டுருங்க. அவங்க அறுப்பன்னிக்கிச் சாப்பிட மாட்டாங்க. கேட்டா சாப்ட்டேன்னுதான் சொல்லுவாங்க."

என்னிடம் ஒரு நாளும் சொல்லாததை யாரோ மெஷின்காரரிடம் சொல்லியிருக்கிறார். எத்தனை டிரைவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். வருஷா வருஷம் வருகிற டிரைவர் எல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு, சாப்ட்டீங்களாக்கா என்று ஏன் கேட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நானும் ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அழுதபடியே நேராக ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். போனை அவள் காதில் வைத்தேன். கேட்டுவிட்டு அவளும் அழுதாள். அவள் போனுக்கு முதலில் அனுப்பினேன், பிறகு மகளுக்கு. அடுத்த லீவில் வந்த மகள் அதை ஒரு பென் டிரைவில் ஏற்றினாள், என் போனிலும் பேக்கப் போட்டுவிட்டாள். இந்தத் தடவை நானே போனை நீட்டினேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்களுக்கு வேண்டியவர் குரல் ஒரே ஒரு போனில் இருக்கிறது என்றால், இன்றைக்கே இன்னொருவருக்கு அனுப்பி வையுங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகள் பேக்கப் போட்டுத் தருகிறேன் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாவது கொடுங்கள். தண்ணீரில் விழுந்தால் அணைத்துவிட்டுக் கடைக்கு ஓடுங்கள், அரிசியைச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று, வருகிற மெசேஜைக் கடைசி வரை கேளுங்கள். அந்த வாய்க்காலோடு போனவற்றில் நான் பாதியில் நிறுத்தியவை எத்தனையோ. அவற்றின் கடைசியில் என்ன சொல்லியிருந்தார் என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போதெல்லாம் அறுப்பன்று சாப்பிட்டுவிட்டுத்தான் வயலுக்குப் போகிறேன். டிரைவர் கேட்டால் நிஜத்தைச் சொல்லலாம், ஆனால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய மனுஷன்தான் இல்லை.