சென்ட்ரல் வரைக்கும் ஒரு குடல்

ஆவடி டாங்க் பேக்டரி ஃபிட்டரின் மகள் லோகநாயகிக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம் என்பார்கள். கொஞ்சம் என்பது பொய். வேப்பேரிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பன்றிக் குடலைச் சுரண்டும் வேலை என்று தெரிந்ததும் இரண்டு சம்பந்தங்கள் தட்டிப் போயின. "போனா போவட்டும்" என்றாள்.

1989இல் முத்தாபுதுப்பேட்டை லூர்தம்மாளின் பட்டியில் பன்றிக்குட்டிகள் பிறந்த சூட்டோடு கழிந்து கழிந்து செத்துக்கொண்டிருந்தன. அந்த நோய்க்கிருமியின் உடம்பில் மெல்லிய மயிர்கள் உண்டு. அவற்றால் குடல் செல்லைப் பற்றிக்கொண்டுதான் விஷத்தைக் கக்கும். பற்ற இடம் கிடைக்காவிட்டால் மலத்தோடு வெளியே போகவேண்டியதுதான். ஒரே ஒரு தாய்ப்பன்றியின் குட்டிகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வெறுத்துப்போன லூர்தம்மாளோ மொத்தப் பட்டியையும் கறிக்கு விற்கத் தொடங்கியிருந்தாள். அந்தத் தாயின் குட்டிகளில் வளர்ந்த ஒன்று அன்று காலையில் வெட்டுப்பட்டது. அதன் குடலில் கிருமி ஒட்டாது என்று காட்டிவிட்டால், அந்தத் தாயின் மிச்சக் குட்டிகளை வைத்து இனம் பெருக்கிப் பட்டியைக் காப்பாற்றலாம். ஆனால் குடல் கெடுவதற்குள் ஆய்வுக்கூடம் போய்ச் சேர வேண்டும்.

லோகநாயகி அதை ஐஸோடு பையில் கட்டி, ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு ஆவடியில் ரயிலின் மகளிர் பெட்டியில் ஏறினாள். திருமுல்லைவாயில் தாண்டுவதற்குள் பை கசிந்தது. சிவப்புத் தண்ணீர் சுசீலாவின் செருப்பை நனைத்தது. சுசீலா அந்தப் பெட்டிக்கு யாரும் தேர்ந்தெடுக்காத தலைவி.

"இன்னாம்மா அது?"

"பன்னிக் கொடலு."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். லோகநாயகிக்கு அதெல்லாம் வராது.

பெட்டியே மூக்கைப் பொத்தியது. "தூக்கி வெளிய போடு. இல்லாங்காட்டி அடுத்த டேசன்ல எறங்கிக்க" என்றாள் சுசீலா.

"இத்த போட்டா ஒரு பொம்பளையோட பொழப்பே போச்சு. நானும் டிக்கெட் எட்துகினுதான் வர்றேன். எறங்க மாட்டேன்."

யாரோ கூடையைக் காலால் தள்ளினார்கள். லோகநாயகி அதை எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். சேலை நனைந்தது. சென்ட்ரல் வரை அவள் தலை குனியவில்லை. இதற்குப் பெயர் திமிர் என்றால், ஊரில் எல்லாருக்கும் கொஞ்சம் திமிர் வேண்டும்.

சுரண்டிய செல்களைக் கிருமியோடு கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். மற்றப் பன்றிகளின் செல் ஓரமெல்லாம் கிருமி அப்பிக் கிடக்கும். இங்கே அவை சுற்றிச் சுற்றி அலைந்தன. ஒன்றுகூட ஒட்டவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சேதி கேட்ட லூர்தம்மாள் வெட்டுக்காரனைத் திருப்பி அனுப்பினாள். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு குடல் மட்டும் தேவைப்பட்டது. மறுவாரம் லோகநாயகி கூடையின் மேல் 'பன்றிக் குடல்' என்று கொட்டை எழுத்தில் அட்டை கட்டிக்கொண்டு அதே பெட்டியில் ஏறினாள். அட்டையைப் படித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு முதலில் எழுந்து நகர்ந்தது சுசீலாதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நின்றுகொண்டே போன லோகநாயகிக்கு, அன்றுதான் ஜன்னலோர சீட் கிடைத்தது. காலை நீட்டி உட்கார்ந்து சென்ட்ரல் வரை போனாள்.