பின்பால் மெஷினுக்குள் போன திருகாணி

இரண்டு நாளாக மகள் ஆய் போவதையெல்லாம் குச்சியால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை வயது. கம்மலின் திருகாணியைக் காணோம். விழுங்கிவிட்டாள் என்று எனக்கு ஒரே பயம்.

"வாழைப்பழம் குடுங்க, தானா வந்துடும்மா," என்றார் டாக்டர். வரவில்லை. நாளை எக்ஸ்ரே.

இன்று சாயங்காலம் பழம் வாங்க, மகளோடு ஒரகடத்தில் வழக்கமாகப் போகும் டீக்கடைக்குப் போனோம். அங்கிருக்கும், காசு போட்டுக் குண்டு ஓடவிட்டு விளையாடும் பழைய பின்பால் மெஷினின் முன்கதவைக் கழற்றிவிட்டு ஒரு தென்காசிக்காரத் தம்பி குனிந்திருந்தார். கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை, ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

"ரெண்டு நாளா காசு போட்டா உள்ள போவ மாட்டேங்குதுப்பா," என்றார் கடைக்காரர்.

"எங்க கம்பெனில லைன் நின்னா அஞ்சு தடவ ஏன்னு கேக்கணும் அண்ணாச்சி. காசு ஏன் போவல? லீவர் அசையல. லீவர் ஏன் அசையல?" இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார். "இந்தா, திருகாணி!"

நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேவிட்டேன்.

தம்பி விடவில்லை. "திருகாணி ஏன் இங்க வந்துச்சு?"

"நான்தான் போட்டேன்," என்றாள் மகள்.

"ஏன் பாப்பா?"

"கழண்டுச்சு. வாயில போட்டா அம்மா திட்டும். அதான் அதுல போட்டேன்."

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "அஞ்சாவது ஏன் வேண்டாம்க்கா. காரணம் கிடைச்சிட்டு."

இன்று வாங்கியதும் சேர்த்து வீட்டில் ஒன்றரை டஜன் வாழைப்பழம் மிச்சம் இருக்கிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.