முந்தல் தாண்டினால் நின்றுவிடும் வண்டி

துபாயிலிருந்து வரும் தம்பிமார்கள் டேப்ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். என் தம்பி எனக்குச் சோப்பு டப்பா அளவில் ஒரு கருப்புப் பெட்டியைக் கொண்டுவந்தான். அதிலிருந்து சில வயர்கள் தொங்கின, கூடவே ஒரு சின்னப் புத்தகம். வீட்டில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தரம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது என்னத்துக்கு என்றார்கள். எனக்கோ கை பரபரத்தது. அது என் காருக்கு.

கார் என்றால் இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட, பழைய சிவப்புப் பந்தயக் கார். தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் என் அப்பா வாங்கியது. அப்பா போன பிறகு எனக்கு வந்தது. எங்கள் ஊர் போடியின் ஜீப்புக்காரர்கள் அதற்குச் ‘செகப்புத் தவளை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் அப்போது பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். என் கணவருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். அவர் ஜீப்பில் போவார், நான் லீவு நாட்களில் தவளையில் போவேன். ஒரு பொம்பளை தனியாக மலைரோட்டில் கார் ஓட்டுகிறாளே என்று ஊர் பேசத்தான் செய்தது. பேசினால் பேசட்டும், என் பெட்ரோலா குறைந்துவிடப் போகிறது?

பழைய வண்டிகளில் பெட்ரோலைக் கொளுத்தும் பொறிக்காக, பாயிண்ட் என்று ஒரு சின்ன சமாச்சாரம் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அது தேயும். அடிக்கடி உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். இந்தப் பெட்டியை மாட்டிவிட்டால் அந்தச் சோலியே கிடையாது, உரசுவதற்கு ஒன்றுமே இல்லை என்றான் தம்பி. உரசாமல் எப்படி அதற்கு நேரம் தெரியும்? இந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். சுழலும் தண்டில் ஒரு காந்த வளையத்தை மாட்ட வேண்டுமாம். காந்தம் கடந்துபோகும் ஒவ்வொரு தரமும் பெட்டி புரிந்துகொண்டு பொறியை விடுமாம். அடேயப்பா என்றிருந்தது.

மாட்டுவதற்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ராவுத்தர் அண்ணனைக் கூப்பிட்டேன். போடியில் ஓடும் ஜீப்புகளில் பாதி அவர் கைபட்டவை. அதிகம் பேசாத மனிதர். ஜீப்புகளில் பேட்டரியின் மைனஸ் முனைதான் வண்டியின் உடம்போடு சேரும். தவளையில் அது தலைகீழ், பிளஸ்தான் உடம்பு. அண்ணன் கைப்பழக்கத்தில் ஜீப்புக்குச் செய்வது போலவே வயரைக் கொண்டுபோனார்.

“அய்யய்யோ, நிறுத்துங்கண்ணே!” என்று கத்தினேன். அதைச் சேர்த்திருந்தால் பெட்டி அங்கேயே வெந்திருக்கும்.

“நல்லவேள டீச்சரம்மா, தப்பிச்சோம்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த மனிதரை நம்பி ஒரு வயரை விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

மாட்டி முடித்து முதல்முறை போடிமெட்டு மேட்டுக்கு ஏறியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அடிவாரத்து முந்தலிலிருந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி இருமாமல், திணறாமல் ஏறியது. மேலே நல்ல மூடுபனி. அதிலும் நின்றுபோகவில்லை. மேட்டில் டீக்கடைக்காரர் “சேச்சி, இன்னைக்கு சீக்கிரம் எத்தியல்லோ” என்றார் மலையாளத்தில், சீக்கிரமே வந்துவிட்டேனாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது. வழக்கமாகத் தவளைக்கு முன்பக்கமும் ஸ்டியரிங்கிலும் பொட்டு வைப்பதோடு சரி. இந்த வருஷம் புதுப்பெட்டி வந்த ஆசையில் பானட்டைத் திறந்தேன். பெட்டிக்கு ஒரு பொட்டு, பொறிக்கான கரண்டைக் கூட்டிக்கொடுக்கும் காயிலுக்கு ஒரு பொட்டு. பொறியை நான்கு பிளக்குகளுக்கும் பங்கு பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கருப்பு மூடிக்கு மட்டும் கூடுதல் மரியாதை: விபூதியைக் குழைத்துக் குறுக்கே மூன்று பட்டை, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பார்க்க அம்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு மேட்டுக்குப் போன முதல் நாள், பாதி மலையில், பனிக்குள் நுழைந்ததும் வண்டி படபடவென்று இருமி நின்றுவிட்டது. என்ன செய்தும் கிளம்பவில்லை. கீழே இறங்கிய ஒரு ஜீப்பு கயிறு கட்டி இழுத்து வந்தது. வீட்டு வாசலில் வெயிலில் நின்றதும் சாவியைத் திருப்பினேன், ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும். போடியில் ராசா மாதிரி ஓடும், முந்தல் தாண்டிப் பனியைக் கண்டால் படுத்துக்கொள்ளும். ஜீப்புக்காரர்கள் என்னைக் கண்டாலே, “டீச்சரம்மா, இன்னைக்குக் கயிறு கொண்டாரவா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். எரிச்சல் எரிச்சலாக வரும்.

என் கணவர் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் சாப்பிடும்போது, “மதுரையில ஒருத்தர் பழைய காரா வாங்குறாராம். ஞாயித்துக்கிழம வந்து பாக்குறேன்னாரு” என்றார்.

“யாரு விக்கப்போறா?”

“மலை ஏறாத வண்டி நமக்கு எதுக்கு? நீ பனிக்குள்ள தனியா நின்னுகிட்டிருந்தா நான் தோட்டத்துல என்னன்னு நிம்மதியா இருக்குறது? சனிக்கிழமைக்குள்ள மேட்டுக்கு ஏத்திக் காட்டு. ஏறுச்சுன்னா விக்கல. இல்லைன்னா பேச்சே இல்ல.”

எனக்கு அழுகை முட்டியது. அப்பாவின் கை பட்ட பொருள் என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஜீப்புக்காரர்கள் நான்கைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

“அன்னைக்கே வயரத் தப்பாக் கொண்டுபோன ஆளு நீங்க. எங்கயோ ஏடாகூடமா மாட்டியிருக்கீங்க. உங்களால என் கார் கைய விட்டுப் போகப்போகுது!”

அவர் முகம் சுருங்கியது. “கொண்டாங்கம்மா, திரும்பப் பாத்துருவோம்” என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க வேலை செய்தார். பிளக்குகளைக் கழற்றினார், ஒவ்வொரு வயரையும் வளைத்துப் பார்த்தார், இன்ஜினைப் பெட்ரோல் துணியால் துடைத்தார். நடுவில் ஒருமுறை, “டீச்சரம்மா, இந்த மூடி மேல...” என்று ஆரம்பித்தார்.

“மூடிக்கு ஒண்ணும் இல்ல, நான் உள்ளயும் வெளியயும் பாத்துட்டேன். நீங்க வயரப் பாருங்க” என்றேன். அவர் வயரைப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். தவளையில் நானும் அண்ணனும், பின்னால் ஜீப்பில் என் கணவர். ஜீப்பின் பின்சீட்டில் கயிறு தயாராகச் சுருட்டி வைத்திருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தல் தாண்டினோம். முதல் வளைவுகளில் வெயில், வண்டி ஜம்மென்று ஏறியது. மேலே போகப்போகப் பனி இறங்கியது. கண்ணாடி நனைந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று நினைக்கும்போதே படபடவென்று அதே இருமல். வண்டி நின்றது.

என் கணவர் ஜீப்பிலிருந்து இறங்கிக் கயிற்றை எடுத்தார். “இருங்க!” என்று ஒரு சத்தம் போட்டேன். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

பொறி எங்கேயோ போகிறது. பிளக்குக்குப் போகவில்லை. அப்படியென்றால் எங்கே போகிறது? இத்தனை நாளும் யார் செய்த தப்பு என்றுதான் தேடியிருக்கிறேன், எங்கே போகிறது என்று ஒருமுறையாவது பார்த்தேனா? பகலில் பொறி கண்ணுக்குத் தெரியாது. ஜீப்பிலிருந்து கம்பளியை எடுத்து, போட்டோக்காரர் போலத் தலையோடு சேர்த்து இன்ஜின் மேல் போர்த்திக்கொண்டேன். உள்ளே கும்மிருட்டு. “அண்ணே, ஸ்டார்ட் பண்ணுங்க” என்றேன்.

பார்த்தேன். மூடியின் மேலே நீலமாக, மெல்லிசாக, நூல் போல ஒரு பொறி ஓடியது. நடுவில் இருந்து புறப்பட்டு, விபூதிப் பட்டையின் வழியாகவே நெளிந்து ஓரத்துக்குப் போனது. மறுபடியும். மறுபடியும். அவ்வளவு அழகாக இருந்தது, ஒரு நிமிஷம் எதற்குக் குனிந்தேன் என்பதே மறந்துபோனது.

பிறகுதான் உறைத்தது. சாம்பல் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுப் பல்பை எரியவைத்து, “பாத்தீங்களாடி, ஈரச் சாம்பல்ல கரண்ட் போகும்” என்று வருஷா வருஷம் வகுப்பில் காட்டுகிறவள் நான். காய்ந்த விபூதி போடி வெயிலில் சும்மா இருந்திருக்கிறது. பனியில் நனைந்ததும் வழிவிட்டிருக்கிறது. அந்த வழியைப் போட்டது என் கை.

கம்பளியை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். இன்ஜின் முழுக்கப் பளபளவென்று இருந்தது. அந்த மூடியிலும் பட்டையைச் சுற்றித் துளி அழுக்கு இல்லை. பட்டையும் பொட்டும் மட்டும் நான் வைத்தபடியே இருந்தன. வாசல் கூட்டுகிறவர்கள் கோலத்தை மிதிக்காமல் சுற்றிக் கூட்டுவார்களே, அப்படித் துடைத்திருந்தார்.

“அண்ணே, இத மட்டும் ஏன் தொடைக்கல?”

அவர் இறங்கி வந்து பார்த்தார். “அன்னைக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா. தொடைக்கத் துணிய எடுத்தேன். சாமிக்கு வச்ச துன்னூறு, நான் எப்பிடிம்மா அழிக்கிறது? நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக்கூடாதுல்ல.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்ல வந்தேன் டீச்சரம்மா. நீங்க எங்க விட்டீங்க?”

என் கணவர் கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், வீட்டில் பத்து வருஷமாக அதே பார்வைதான்.

அண்ணனிடமிருந்து பெட்ரோல் துணியை வாங்கி நானே துடைத்தேன். முந்தானையால் ஈரம் போக ஒற்றி எடுத்தேன். காயிலில் இருந்ததையும் துடைத்தேன். பெட்டியின் மேலிருந்த பொட்டுக்குக் கை போனபோது அண்ணன் தடுத்தார்.

“அது இருக்கட்டும்மா. அது வழியா கரண்ட் போகாது.”

சாவியைத் திருப்பினேன். தவளை உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்தப் பனிக்குள்ளேயே மீதி வளைவுகளையும் ஏறினோம். பின்னால் ஜீப்பின் ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. என் கணவர் அப்படி ஹாரன் அடித்து நான் கேட்டதே இல்லை.

மேட்டு டீக்கடையில், ஒர்க்‌ஷாப்பில் அன்றைக்கு நின்ற ஜீப்புக்காரர்களில் மூன்று பேர் இருந்தார்கள். “டீச்சரம்மா, கயிறு இல்லாமயா வந்தீக?” என்றான் ஒருவன்.

“இல்லாமத்தான் வந்தேன். எல்லாரும் கேட்டுக்கங்க. வண்டி நின்னதுக்கு அண்ணன் காரணமில்ல, நான்தான் காரணம். இவர அன்னைக்கு உங்க முன்னாடி பேசுனது தப்பு.”

அண்ணன் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். “விடுங்கம்மா” என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, “மதுரைக்காரரு நாளைக்கு வருவாருல்ல?” என்று கேட்டார்.

“வரவேண்டாம்னு சொல்லிருவோம்” என்றார் என் கணவர். ஜீப்பிலிருந்து கயிற்றை எடுத்துவந்து, கயிறு இல்லாமயா என்று கேட்ட ஜீப்புக்காரனிடமே கொடுத்துவிட்டார்.