கம்ப்யூட்டர் மறந்த ஏழு-ஏ ஷெட்டு

போன வாரம் நாமக்கல் டீக்கடைகளில் ஓடிய செய்தி: அறிவுச்செல்வி என்றொரு பெண் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டி, ராசுவின் பண்ணையில் பன்னிரண்டாயிரம் கோழிகளைச் சாகடித்துவிட்டாளாம். நேரில் போய்ப் பார்த்தேன். கோழிகள் உயிரோடு இருந்தன. என்னைப் பார்த்துக் கத்தவும் செய்தன. கம்ப்யூட்டர்தான் அவற்றை மறந்திருந்தது.

அறிவுச்செல்விக்குச் சம்பளம், லாரி பாடி கட்டும் பட்டறையில் பில் போடுவதற்கு. மீதி நேரத்தில், தடுப்பூசித் தேதியை நினைவூட்டும் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறார். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். திட்டு வாங்க மட்டும் அவர் ஒருவர்தான்.

அதற்கு இரண்டு கிளைகள், அதாவது ஒரே மென்பொருளின் இரண்டு பிரதிகள். பண்ணைகளில் ஓடுவது நிலைக்கிளை. புதியவற்றைச் சோதித்துப் பார்ப்பது வளர்கிளை. சோதித்து முடிக்காத எதையும் நிலைக்கிளையில் சேர்க்கக் கூடாது என்பது அவரே எழுதிவைத்த விதி.

பட்டனைத் தட்டிய அன்று வட்டாரமெங்கும் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய். நினைவூட்டல் ஒரு நாள் பிந்தி வருகிறதென்று காலையிலிருந்து ஓயாமல் போன். அதற்கான திருத்தம் வளர்கிளையில் தயாராக இருந்தது. அதை மட்டும் எடுத்து ஒட்டியிருக்கலாம். ஒரு கையில் போன், மறு கையில் மவுஸ். மொத்த வளர்கிளையையும் நிலைக்கிளையோடு இணைத்துவிட்டார். நாற்பது இடத்தில் "பழையதா, புதியதா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. நாற்பதுக்கும் புதியது என்றார்.

அந்த நாற்பதில் ஒன்று போலந்துக்காரத் தன்னார்வலர் ஒருவரின் கைவண்ணம். கோழி ஷெட்டுகளின் எண்ணோடு எழுத்து எதற்கு என்று துடைத்திருந்தார். எட்டு ராசியில்லை என்று நம் பண்ணைக்காரர்கள் ஏழு, ஏழு-ஏ என்று போட்டு ஒன்பதுக்குத் தாவுவது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு மணி நேரத்தில் அறிவுச்செல்வி எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவிட்டார். அதற்குள் புதுப்பித்துக்கொண்ட ஒரே பண்ணை ராசுவுடையது. ஏழு-ஏயின் தேதிகள் ஏழின் தேதிகளோடு கலந்துவிட்டன, பிரிக்க வழியில்லை.

நான் போனபோது அறிவுச்செல்வி தீவன மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ராசுவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஏழு-ஏக்கு ஊசி போட்டீங்களாண்ணா? நெனச்சுப் பாருங்க."

"நெனக்க வேண்டாம்னுதானே அம்முணி இதை ஏத்தி வெச்சேன்!"

"நகல் எடுத்தீங்களா?"

"எடுத்தனே. அதும் இதே பெட்டிக்குள்ளதான் இருக்குது, அதையும் சேத்தி மாத்திருச்சு."

பிறகு ராசுவின் குரல் தணிந்தது. "பக்கத்துப் பண்ணையில நேத்து நானூறு கோழி செத்து உழுந்துருச்சு. இதுகளுக்குப் போட்டாச்சா இல்லியா? அதை மட்டும் சொல்லு சாமி."

அறிவுச்செல்வி திரையையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "தெரியலீங்கண்ணா."

தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் மறுபடி போடுங்கள் என்றார் கால்நடை டாக்டர். ஏழு-ஏயில் இருந்த பன்னிரண்டாயிரத்தையும் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். இருந்ததோ நாலே ஆட்கள். "நாளைக்கு நானும் பிடிக்க வாரேன்" என்றார் அறிவுச்செல்வி. வந்தார். கையெல்லாம் கீறல். மதியம் பட்டறையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், பாதியில் கிளம்பிப் போனார்.

போட்ட ஊசி வேலை செய்யப் பத்து நாளாகுமாம். இன்று ஆறாவது நாள். அறிவுச்செல்வி தினமும் காலையில் ராசுவுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்.

"இன்னும் ஒண்ணும் உழுகல அம்முணி" என்கிறார் ராசு. "ஆனா நீ கோழி பிடிக்கறதுல இன்னும் அரை நாள் வேலை பாக்கி. உன்ற கம்ப்யூட்டர்ல ஏத்தாதே, நானே ஞாபகம் வெச்சுக்கறேன்."