லேப்டாப்புக்குப் போர்த்திய துண்டு

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு மெஃப்ரவ் வந்து மணியடித்தார். மெஃப்ரவ் என்றால் இங்கே அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது. ஒவ்வொரு ஞாயிறும் இதே நேரத்துக்கு முடி உலர்த்தும் மெஷின் ஓடுகிறதே, கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். கேட்டுவிட்டு என் தலையைப் பார்த்தார். அதில் உலர்த்த ஒன்றும் பாக்கியில்லை. "முடி இல்லை, லேப்டாப்" என்றேன். "லேப்டாப்பையா உலர்த்துகிறீர்கள்?" என்றார் கவலையோடு. என் டச்சு அவ்வளவு தூரம் வராது. ஆமாம் என்று தலையாட்டி அனுப்பிவைத்தேன்.

உட்ரெக்ட் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஸ்பூன் கீழே விழுந்தாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். நான் பிறந்த குப்பத்தில் கடலும் ஏரியும் இரண்டு பக்கமும் இருக்க, யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசியதில்லை. பேசினால் எதிராளிக்குக் கேட்காது. பழவேற்காட்டிலிருந்து வந்த தொண்டையை இந்த ஊருக்குப் பழக்கவே எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. கடைசியில் என் மானத்தை வாங்கியது தொண்டை இல்லை, அப்பளம் மாதிரி மெல்லிசான ஒரு லேப்டாப். மகள் வாங்கிக் கொடுத்தது. திறந்து ஐந்து நிமிஷத்தில் அடிப்பாகம் தோசைக்கல் போலக் கொதிக்கும், உள்ளே இருக்கும் ஃபேன் உயிர் போகிற மாதிரி கத்தும்.

அதில்தான் வாரா வாரம் அண்ணனோடு பேசுகிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், இன்னும் ஊரிலேயே இருக்கிறான். "இன்னாடா, படகுல குந்திகினு பேசறியா?" என்பான். நாளை புதன்கிழமை நெஞ்சில் ஆபரேஷனுக்காகச் சென்னை ஆஸ்பத்திரியில் சேருகிறான். அதற்குள் அவனிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஞாயிறன்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். "இன்னாது? சாக்கா? இன்னா சாக்கு? ஒண்ணும் கேக்கலடா, வெச்சிடு" என்றான். ஃபேனுக்கு மேல் கத்திச் சொல்லக்கூடிய விஷயமா அது?

எண்பதுகளின் நடுவில் நைனா எங்கள் மரப் படகுக்கு ஒரு இஞ்சின் வாங்கினார். குப்பத்துக்கே இரண்டாவது. காற்றுப் பட்டே சூடு ஆறுகிற சின்ன டீசல் இஞ்சின். சத்தமோ, காதுக்குள் கல்லை அள்ளிக் கொட்டுவது போல இருக்கும். எங்கள் பக்கத்தில் இரும்பு என்று ஒன்று வீட்டுக்குள் வந்தால் முதல் வேலை அதை மூடுவது. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ரேடியோவுக்குத் துணி உறை, டார்ச் லைட்டுக்கு பாலிதீன் பை, டேபிள் ஃபேனுக்குப் பழைய பாவாடை. ஃபேனைப் போடும்போதுகூடப் பாதிப் பாவாடைதான் விலகும். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கோணிச் சாக்கை வெட்டி, உள்ளே பாலிதீன் வைத்துத் தைத்து, இஞ்சினுக்கு அளவாக ஒரு உறை செய்தேன். நைனா பார்த்துவிட்டு, "சின்னவனுக்குத்தான்டா மெஷினு மேல அக்கற" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஒருநாள் காலை நைனாவுக்குக் காய்ச்சல். அண்ணனும் நானும் மட்டும் கிளம்பினோம். முகத்துவாரத்தில் தண்ணீர் தெறித்ததும், இஞ்சின் ஓடும்போதே நான் உறையை மாட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டேன். உப்புக்குக் காப்பும் ஆச்சு, சத்தமும் பாதியாகக் குறைந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு முன்னால் போய் வலையோடு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் கருகல் நாற்றம் வந்தது. பிஸ்டன் பிடித்துக்கொண்டு இஞ்சின் நின்றுபோனது. துடுப்புப் போட்டுக் கரை சேர உச்சி வெயில் ஆகிவிட்டது.

நைனா காய்ச்சலோடு கரையில் நின்றார். இஞ்சின்மேல் கருகி ஒட்டியிருந்த சாக்கைப் பார்த்தார். "எவன்டா இத்த அவுக்காம ஓட்டினது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "நான்தான் நைனா" என்றான். திறந்த வாயை மூடிக்கொண்டேன். எல்லார் முன்னாலும் அவனுக்கு அறை விழுந்தது. அதன்பிறகு நைனா அவனை இஞ்சின் பக்கமே விடவில்லை. அவன் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறால் வலையோடு நின்றான். அக்கறையுள்ள சின்னவனான என்னை மெட்ராஸுக்கு மெக்கானிக் வேலை கற்க அனுப்பினார். அங்கிருந்து கப்பல், கப்பலிலிருந்து இந்த ஊர். நான் சாப்பிட்ட ஒவ்வொரு ரொட்டித் துண்டும் அந்த அறையிலிருந்து வந்தது. நைனா போய்ச் சேர்ந்தபோதும் நான் சொல்லவில்லை. எவ்வளவு கேவலமான ஆள் பாருங்கள்.

நேற்று லேப்டாப்பை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அடிமூடியைக் கழற்றினார். ஃபேன் முழுக்கப் பஞ்சு, நூல், நூலோடு நூலாகத் துண்டுக் கரையின் சிவப்பு இழை. "இதைத் துணியில் சுற்றி வைக்கிறீர்களா?" என்றார். ஆமாம், துண்டில் சுற்றிவைப்பேன், பேசும்போது துண்டை மடித்து அடியில் போடுவேன் என்றேன். "உங்கள் வீடு அவ்வளவு குளிரா? ஹீட்டர் வேலை செய்யவில்லையா?" என்று பாவப்பட்டுக் கேட்டார். குளிருக்கு இல்லை, உப்புக்கு என்றேன். "எந்த உப்பு?" என்றார். நியாயமான கேள்வி. இங்கிருந்து கடல் பார்க்க வேண்டுமென்றால் ரயில் ஏற வேண்டும். காற்றுப் போக வழி விடுங்கள், அது போதும் என்று துடைத்துக் கொடுத்தார். ஊரில் கப்பல் மெக்கானிக் என்று பெயர் வாங்கிய எனக்கு, சாக்குப் பாடம் இரண்டாம் தரம்.

இன்று மத்தியானம் அண்ணனைக் கூப்பிட்டேன். லேப்டாப்புக்கு அடியில் இரண்டு புத்தகம் முட்டுக் கொடுத்திருந்தேன். சத்தமே இல்லை. தப்பித்துக்கொள்ளச் சாக்குப்போக்கும் இல்லை. அவன் போன் பாலிதீன் பைக்குள்தான் இருக்கும், அதனால் முகம் எப்போதும் கொஞ்சம் மங்கல். "அண்ணா, அன்னிக்கு இஞ்சினுக்கு உறையைக் கட்டினது நான்" என்றேன்.

"அத்த சொல்லத்தான் ஞாயித்துக்கெழம அந்தக் கத்து கத்தினியா?" என்றான். "நீ கட்டினத நான்தான் பாத்தேனே. கட்டினதும் சத்தம் கொறஞ்சுதா, அலை சத்தம் கேட்டுதுடா. நல்லா இருந்துச்சு. அவுக்கணும்னு தெரியும், இன்னும் கொஞ்ச நேரம்னு உட்டுட்டேன். நைனா கேட்டது இன்னா? அவுக்காம ஓட்டினது எவன்னுதான? ஓட்டினது நான்தான?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "பாவி, இத்தன வருஷமா இத்த ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?" என்றான். நான் அழுதுவிட்டேன். அவன் சிரித்தான். சிரிக்காதே என்று பின்னால் அண்ணி அதட்டுவது கேட்டது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவன் பக்கத்துக் காற்றும் அலையும் என் அறைக்குள் வந்துகொண்டிருந்தன. "இன்னாடா சத்தமே இல்ல? கீறியா?" என்றான்.

"இருக்கேண்ணா."

"லேப்டாப்பத் தொறந்து போட்டு வெக்காத. தெனம் துண்டு சுத்தி வெக்கறேல்ல? உப்புக்காத்துடா."

"சரிண்ணா" என்றேன். துண்டு நாற்காலியில் கிடந்தது. எடுத்து உதறி, என் தோளில் போட்டுக்கொண்டேன்.